மீட்ட பூனைகளை வைத்து கஃபே தொடங்கலாமா?

தெருவிலிருந்து மீட்ட பூனைகளை ஒரு கூடத்தில் விட்டு, வருகிறவர்கள் காபி குடித்துவிட்டு அவற்றோடு கொஞ்ச நேரம் இருந்து, மனதுக்குப் பிடித்த பூனையைத் தத்தெடுத்துப் போகும்படி ஓர் இடம் தொடங்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது பூனைகள் என்று கணக்கும் போட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகம்: "இதில் பூனைக்கு நன்மை உண்டா, அல்லது அதைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு நல்லது செய்வதாக நினைத்துக்கொள்கிறோமா?" ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்வதால் உங்களுக்குப் பயன் இருக்காது. எந்த நிபந்தனைகளில் இது பூனைக்கு நல்லது, எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கால்நடை மருத்துவர். காப்பகப் பூனைகளுக்கும், காப்பகத்திலிருந்து இப்படிப்பட்ட கஃபேக்களுக்குப் போகும் பூனைகளுக்கும் பல ஆண்டுகளாக வைத்தியம் பார்த்துவருகிறேன். அந்தப் பக்கத்தை மட்டும்தான் சொல்ல முடியும். கடை லாபத்தில் ஓடுமா என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பூனைகள் இருக்கும் கஃபே எல்லாம் ஒரே வகை அல்ல. 1998இல் தைவானின் தைபேயில் திறந்ததைத்தான் உலகின் முதல் பூனை கஃபே என்று பொதுவாகச் சொல்வார்கள். 2004இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒன்று வந்தது, பிறகு அந்த நாடு முழுக்கப் பரவியது. பூனை வளர்க்க அனுமதி இல்லாத அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் போய் உட்கார்ந்துவிட்டு வரும் இடங்களாகத்தான் அவற்றில் பெரும்பாலானவை பெருகின. பூனைகள் அங்கே நிரந்தரவாசிகள். பல இடங்களில் விலைகொடுத்து வாங்கிய ஜாதிப் பூனைகள். 2014இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் தொடங்கிய கேட் டவுன் வேறு வகை. அங்கே இருப்பவை வீடு தேடும் மீட்புப் பூனைகள். நீங்கள் தொடங்க நினைப்பது இந்த இரண்டாவது வகை. முதல் வகையைப் பற்றி எழுதப்பட்ட புகழும் திட்டும் இதற்கு அப்படியே பொருந்தாது. எதைப் படித்தாலும், எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்மையில் உறுதியான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். காப்பகக் கூண்டில் இருக்கும் பூனை தன் இயல்பைக் காட்டுவதில்லை. பின்சுவரோடு ஒண்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும். தத்தெடுக்க வருகிறவர் சில நொடி பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார். அதே பூனையைத் திறந்த அறையில் விட்டால் சில நாளில் அலமாரி மேலிருந்து இறங்கிவரும், பந்தைத் தட்டும், யாராவது உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து படுக்கும். அதைத் தினமும் பார்க்கும் ஊழியருக்கு அதன் குணம் தெரியும்: குழந்தைச் சத்தத்தைத் தாங்குமா, இன்னொரு பூனையோடு ஒத்துப்போகுமா, தூக்கினால் பிறாண்டுமா. இந்தத் தகவல் தத்தெடுப்பவருக்குக் கிடைப்பது பெரிய விஷயம். அப்புறம், காப்பகத்துக்குப் போனால் அழுகை வந்துவிடும் என்று ஒதுங்கும் மனிதர்கள் ஏராளம். அவர்கள் இங்கே வருவார்கள். காப்பகத்தில் ஒரு கூண்டு காலியானால் தெருவிலிருக்கும் இன்னொன்றுக்கு அங்கே இடம் கிடைக்கும். ஆனால் கஃபேயால் மொத்தத் தத்தெடுப்பு கூடுகிறதா, அல்லது காப்பகத்தில் நடக்க இருந்ததே இடம் மாறி நடக்கிறதா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன். கூடுகிறது என்பது என் எண்ணம், அவ்வளவுதான்.

இனி கஷ்டமான பக்கம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு வாழும் விலங்கு அது. பூனைகள் கூட்டமாக வாழவே வாழாது என்பதில்லை. தீனி தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் சேர்ந்து வாழும். ஆனால் அப்படிப்பட்ட கூட்டங்களின் நடுவில் இருப்பவை பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்று இரத்த உறவுள்ள பெட்டைகள். வெளியிலிருந்து வரும் பூனையை அவை லேசில் சேர்ப்பதில்லை. பூனைக்கு இன்னொரு பூனையோடு மனஸ்தாபம் வந்தால், சமாதானம் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிகள் அதனிடம் குறைவு. விலகிப்போவதுதான் அதன் தீர்வு. உறவே இல்லாத பூனைகளை நாற்புறமும் சுவருள்ள கூடத்தில் விடும்போது அந்த ஒரே தீர்வையும் நாம் பறித்துவிடுகிறோம்.

தத்தெடுப்பு கஃபேக்கே உரிய முடிச்சு இங்கேதான் விழுகிறது. நிரந்தரப் பூனைகள் உள்ள இடத்தில் அவை காலப்போக்கில் தங்களுக்குள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடும்: இந்த ஜன்னல் காலையில் உனக்கு, மாலையில் எனக்கு என்பதுபோல. தத்தெடுப்பு கஃபே நன்றாக நடந்தால் பூனைகள் சீக்கிரம் வெளியே போகும், புதியவை உள்ளே வரும். ஒவ்வொரு வரவும் அந்த ஏற்பாட்டைக் கலைக்கும். ஒவ்வொரு வரவும் ஒரு கிருமியையும் கூட்டிவரக்கூடும். அதாவது உங்கள் நோக்கம் எவ்வளவு நன்றாக நிறைவேறுகிறதோ, உள்ளே இருக்கும் பூனைகளுக்கு அவ்வளவு தொந்தரவு. நான் பார்த்தவரை, நல்ல மனதோடு தொடங்கிய இடங்கள் தடுமாறியதும் இதில்தான். வருகிறவர்கள் பார்க்கும் கூடம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. அவர்கள் கண்ணில் படாத பின்னறையை எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான் பூனைகளுக்கு முக்கியம்.

இதற்கு நான் சொல்லும் வழி, பூனைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் குழுவாகச் சேர்ப்பது. நான்கைந்து பூனைகளை ஒரே நாளில் எடுத்து, பின்னறையில் ஒன்றாகத் தனிமையில் வைத்து, ஒன்றையொன்று முகர்ந்து பழகவிட்டு, பிறகு சேர்ந்தே கூடத்துக்கு விடுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள், ஏற்கனவே ஒன்றாக வாழ்ந்தவை என்றால் இன்னும் நல்லது. கூடத்தில் பாதிக்கு மேல் வீடு போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த குழு. இதில் ஒரு சங்கடம் உண்டு. விடுமுறை நாளில் நுழைவுக் கட்டணம் கொடுத்து வருகிறவர் கூடத்தில் மூன்றே பூனைகளைப் பார்த்தால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மூன்றுதான் மிச்சம் என்றால் மற்றவை எங்கே போயின என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். நிறையப் பேர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள்.

நோய்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்கள் சுவர் வண்ணத்தைப் பற்றி யோசித்த அளவுகூட இதை யோசித்திருப்பதில்லை. முதலில் பான்லூக்கோபீனியா. பார்வோ வகை வைரஸ். வாந்தி, கழிச்சல், இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துபோவது. தடுப்பூசி போடாத குட்டி ஓரிரு நாளில் போய்விடும். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். கைக்குத் தடவும் ஆல்கஹால் சானிடைசர் இதை ஒன்றும் செய்யாது. அழுக்கைக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். துணிச் சோபாவில் பிளீச் ஊற்ற முடியாது என்பதால் கழுவ முடியாத மரச்சாமான் எதையும் பூனைப் பகுதியில் போடாதீர்கள். தொற்றிய பூனை அறிகுறி காட்ட இரண்டு வாரம் வரை ஆகலாம். 14 நாள் தனிமை என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். குட்டிகளுக்கு ஒரே ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலைசெய்ய விடாமல் தடுக்கும், அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் காப்பகச் சூழலில் 4 முதல் 6 வார வயதில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 16 முதல் 20 வார வயது வரை போடவேண்டியிருக்கிறது.

அடுத்தது பூனைச் சளி. இதில் ஹெர்பிஸ் வைரஸ் ஒரு விசித்திரமான ஆள். ஒருமுறை தொற்றினால் பெரும்பாலான பூனைகளின் உடலில் ஆயுளுக்கும் ஒளிந்திருக்கும். பூனைக்கு மனஅழுத்தம் வந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடி வெளிப்படும். புது இடம், புது மனிதர்கள், புதுப் பூனைகள் என்று எல்லாம் சேர்ந்துவரும் கஃபே மாற்றம் அதற்குத் தோதான சமயம். "இங்கே வரும்போது நன்றாகத்தான் இருந்தது, ஒரு வாரத்தில் தும்மல், கண்ணில் நீர், யாரிடமிருந்து தொற்றியது?" என்று கேட்பார்கள். பல சமயம் யாரிடமிருந்தும் இல்லை, உள்ளே இருந்ததுதான் எழுந்துவந்திருக்கும். கூடத்தில் தும்மல் கூடிக்கொண்டே போனால் மருந்தை மாற்றுவதைவிடப் பூனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல வைத்தியம். கலிசி வைரஸ் என்று இன்னொன்று உண்டு. வாயில் புண் வரவைக்கும். அதற்கும் ஆல்கஹாலை நம்பக்கூடாது.

ஆனால் கஃபேக்கே பூட்டு போடவைக்கும் நோய் எது என்று கேட்டால் படர்தாமரை என்பேன். பூனை அதனால் சாகாது. காதோரம் முடி கொட்டி, செதில் படிந்திருக்கும், சிலவற்றில் அதுகூடத் தெரியாது. மனிதருக்கும் ஒட்டும், குழந்தைகளுக்கு இன்னும் எளிதாக. பூஞ்சையின் வித்துகள் முடியோடு சேர்ந்து உதிர்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். புறஊதா ஒளி வீசும் வூட்ஸ் விளக்கில் முடி பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஒளிராவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒவ்வொரு பூனையையும் பின்னறையில் நல்ல வெளிச்சத்தில் முகம், காது, பாதம் என்று விரல் விட்டுத் தேடிப் பார்ப்பதுதான் முதல் காவல். பூனை லுகேமியா வைரஸுக்கும், பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி என்ற வைரஸுக்கும் இரத்தச் சோதனை வேண்டும். லுகேமியா எச்சில் வழியாக, நக்கிக்கொள்வதில், பொதுக் கிண்ணத்தில் பரவும்; அந்தப் பூனை மற்றவற்றோடு கூடத்துக்கு வரக்கூடாது. எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடியால் பரவுவது. அந்தப் பூனைகள் பல ஆண்டு நன்றாக வாழும், அவற்றுக்கும் வீடு கிடைக்கும், ஆனால் அடிக்கடி ஆள் மாறும் கூடம் அவற்றுக்கு ஏற்ற இடமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி இருப்பதாகச் சோதனை காட்டினால் அது தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம், அவசரப்படாதீர்கள். கர்ப்பிணிகள், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றிக் கேட்பார்கள்: பூனை வாழ்நாளில் பொதுவாக ஒருமுறைதான், ஓரிரு வாரங்கள் மட்டும் அதைக் கழிவில் வெளியேற்றும், அதுவும் ஒரு நாளாவது கழிந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுகிற இடத்தில், மலப்பெட்டி பக்கம் போகாமல் கையைக் கழுவிக்கொள்ளும் விருந்தினருக்கு ஆபத்து மிகக் குறைவு.

தனிமை அறை என்றால் கூடத்தில் ஒரு மூலைக்குத் திரை போடுவது அல்ல. கதவும் காற்றோட்டமும் தனி, துடைப்பமும் கிண்ணமும் தனி. ஊழியர் முதலில் கூடத்து வேலையை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போகவேண்டும், போனால் மேலாடை மாற்றவேண்டும். நோயுற்ற பூனைக்கு அது போக இன்னொரு அறை. இந்த இரண்டு அறைகளுக்கு இடம் இல்லையென்றால், காப்பகமோ, பூனைகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வளர்ப்பு இல்லங்களோ அந்த 14 நாளை உங்களுக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லையென்றால் தொடங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எந்தப் பூனையை அனுப்புவது? குட்டியின் 2 முதல் 7 வார வயதில் மனிதக் கை பட்டிருந்தால் அது பெரும்பாலும் மனிதரோடு பழகும். அந்த வயதில் மனிதரையே பார்க்காமல் தெருவில் வளர்ந்த பெரிய பூனையைக் கூடத்தில் விட்டால் பழகிவிடும் என்று நினைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. அதற்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் சரி. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் தாயோடு வளர்ப்பு இல்லத்தில் இருக்கட்டும். ஊசித் தொடர் முடியாத குட்டிகளைக் கூடத்துக்கு விடலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் வேண்டாம் என்ற பக்கம். கடுவன்களைக் கருத்தடை செய்து சில வாரம் கழித்தே அனுப்புங்கள், பழைய பழக்கங்கள் தணிய அவ்வளவு காலம் ஆகும். வயதானவை, சிறுநீரகக் கோளாறு உள்ளவை, இன்னொரு பூனையைக் கண்டாலே சீறுபவை ஆகியவற்றுக்கு ஒரு வீட்டின் அமைதியான அறைதான் வேண்டும். புதிதாகக் கூடத்துக்கு வந்த பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையென்றால் "பழகிவிடும்" என்று காத்திருக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இடத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் காப்பகக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூட்டமாக வைக்கும் வளர்ந்த பூனை ஒன்றுக்குக் குறைந்தது 18 சதுர அடி என்று சொல்லியிருக்கிறது. உங்கள் இருபது பூனைகளுக்கு 360 சதுர அடி; ஆனால் அந்தக் கணக்கில் மேசையும் நாற்காலியும் பத்துப் பதினைந்து மனிதர்களும் இல்லை. இருபது வேண்டாம். எட்டு, பத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எண் ஆய்வில் வந்ததில்லை, என் அனுபவத்தில் வந்தது. தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம்: சுவர் முழுக்கப் பல மட்டங்களில் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஏற ஒரு வழி, இறங்க இன்னொரு வழி. ஒரே வழி இருந்தால் ஒரு முரட்டுப் பூனை அதில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றைச் சிறைவைத்துவிடும். தீனி, தண்ணீர், மலப்பெட்டி எல்லாம் ஒரே மூலையில் இருந்தாலும் இதே கதைதான். மலப்பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும் என்பார்கள். மனிதர் நுழைய முடியாத ஓர் ஓய்வறையும், அதற்கு எந்நேரமும் திறந்திருக்கும் பூனைக் கதவும் கட்டாயம். ஒளிந்துகொள்ள விட்டால் யாருக்கும் பூனை தெரியாதே என்று பயப்படாதீர்கள். 2014இல் நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் செய்த ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் அட்டைப்பெட்டி கிடைத்தவை கிடைக்காதவற்றைவிட வேகமாகப் பயம் தெளிந்தன. இருபது பூனைகள்கூட இல்லாத சிறிய ஆய்வுதான், ஆனால் நாங்கள் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

காபி இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். உணவுச் சுகாதார விதிகள் பல நாடுகளில் இதைத்தான் கேட்கின்றன. உணவு தயாரிக்கும் இடத்துக்கும் பூனைப் பகுதிக்கும் நடுவே முழுச்சுவர், இரட்டைக் கதவு. இரட்டைக் கதவு பூனை தெருவுக்கு ஓடிவிடாமலும் காக்கும். அதோடு, மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்டால் பூனையின் காது 85 வரை கேட்கும். பால் நுரைக்கும் குழாயின் "உஸ்" சத்தம் அதற்கு இன்னொரு பூனை சீறுவதுபோல் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பூனை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் மனிதர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் பூனை பெரும்பாலும் கத்தாது, சண்டை போடாது. அசையாமல் இருக்கும். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும் என்பதால், தூங்குவதற்கும் தூங்குவதுபோல் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகத் தூங்கும் பூனை உடம்பைத் தளர்த்திச் சாய்ந்து படுக்கும். பயத்தில் இருப்பது நான்கு கால்களும் உடலுக்கு அடியில், தலை தாழ்ந்து, கண் மூடியிருந்தாலும் காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். விளையாட்டு நின்றுபோவது, ஒரே இடத்தை நக்கி நக்கி முடி உதிர்வது, பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிப்பது எல்லாம் அடுத்த கட்டம். ஒவ்வொரு பூனையின் தீனி, எடை, கழிவு, எங்கே படுத்தது என்பதை ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்தாலே பாதி நோய் முன்கூட்டித் தெரியும். பூனைகளை அமைதிப்படுத்த அவற்றின் மணச் சமிக்ஞைகளைப் போன்றவற்றைப் பரப்பும் ஃபெரமோன் கருவிகள் பற்றிக் கேட்பீர்கள். ஆய்வு முடிவுகள் இருவிதமாக இருக்கின்றன, வைத்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

வருகிறவர்களுக்கான விதி ஒன்றுதான்: பூனை வந்தால் தொடலாம், நாம் போய்த் தொடக்கூடாது. தூக்குவது, தூங்குவதை எழுப்புவது, துரத்துவது எதுவும் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தொடுவதா வேண்டாமா என்பதைப் பூனையிடமே விட்டு, கன்னம், காதடி, தாடைக்குக் கீழ் என்று மட்டும் தடவச் சொல்லிக்கொடுத்தவர்களிடம் பூனைகள் கோபம் குறைந்து அன்பு கூடி நடந்துகொண்டன. வாலடியையும் வயிற்றையும் விட்டுவிடவேண்டும். ஐந்து நிமிடம் விளக்கினாலே போதும், ஆனால் ஒவ்வொருவருக்கும் விளக்கவேண்டும். கடி பட்டால் சின்னத் துளைதானே என்று விடக்கூடாது. பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்துவிடும், ஒரே நாளில் கை வீங்கும். சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், அந்தப் பூனையின் ரேபிஸ் ஊசிச் சீட்டையும் கையில் கொடுங்கள். பைகளை வெளியே பூட்டிவைக்கச் சொல்வது நல்லது. பையிலிருந்து விழும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். முடி கட்டும் ரப்பர், நூல் இவற்றை விழுங்கினால் குடல் அறுவைதான். யாராவது பூங்கொத்தோடு வந்தால் கதவிலேயே வாங்கிவைத்துவிடுங்கள். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

தத்தெடுப்பு பற்றி உங்களைப் போன்றவர்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. ஆர்வக்கோளாறில் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, வீட்டுச் சோதனை, சம்பளச் சீட்டு, பத்துப் பக்க விண்ணப்பம் என்று அடுக்குவார்கள். கடுமையான வடிகட்டலால் பூனைகளின் பிற்கால வாழ்க்கை மேம்படுகிறது என்று நம்பத்தகுந்த ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. 2009இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, இலவசமாகப் பூனையைத் தத்தெடுத்தவர்களுக்கும் கட்டணம் கொடுத்தவர்களுக்கும் பூனையின் மேல் உள்ள பிடிப்பில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. நீண்ட படிவத்தைவிட நேர்மையான அரைமணி நேரப் பேச்சு மேல்: வீட்டில் யார் இருக்கிறார்கள், வேறு விலங்கு உண்டா, ஜன்னலுக்கு வலை உண்டா, இந்தப் பூனைக்கு இன்ன குறை இருக்கிறது, சரியா? கருத்தடை முடியாமல் எந்தப் பூனையும் வாசல் தாண்டக்கூடாது. நான்கு மாதப் பெட்டைக்குக்கூடச் சினை பிடிக்கும். ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும், ஏன் என்று குடையாமல் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக்கொடுங்கள். அப்படித் திரும்பி வருவது நேராகக் கூடத்துக்குப் போகாது, மறுபடி 14 நாள் பின்னறை. கூடத்தில் துள்ளி விளையாடிய பூனை புது வீட்டில் முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இது தெரியாமல்தான் பலர் மூன்றாம் நாளே போன் செய்கிறார்கள்.

பணம் எங்கே பூனைக்கு எதிராகத் திரும்பும் என்பதையும் சொல்லவேண்டும். யார் மடியிலும் ஏறி உட்காரும், எல்லோரும் படம் எடுக்கும் ஒரு பூனை எப்படியும் அமையும். அதை முதலில் கேட்பவருக்கே கொடுக்க மனம் வராது. "இன்னும் நல்ல வீடு வரட்டும்" என்று காரணம் கிடைக்கும். இதைத் தடுக்க, பூனைகளின் உரிமை கஃபேயிடம் இல்லாமல் மீட்பு அமைப்பிடம் இருப்பதும், யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை அவர்களே எடுப்பதும் நல்லது. இன்னொரு பக்கம், யாரும் கேட்காமல் மாதக்கணக்கில் தங்கிவிடும் பூனையும் இருக்கும். ஒவ்வொரு பூனையும் எத்தனை நாள் தங்கியது என்பதை எழுதிவைத்து, இத்தனை நாளைத் தாண்டினால் வளர்ப்பு இல்லத்துக்கு மாற்றுவோம் என்று முன்பே ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். இந்தக் கணக்கைக் காட்டத் தயங்கும் கஃபேயை நான் நம்புவதில்லை.

எல்லோரும் என்னைப்போல் நினைப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். பிரிட்டனின் விலங்குநல அமைப்புகளான ஆர்எஸ்பிசிஏவும் கேட்ஸ் புரொடெக்‌ஷனும், அடைத்த இடத்தில் பல பூனைகளையும் மாறிக்கொண்டே இருக்கும் மனிதர்களையும் சேர்த்துவைக்கும் கஃபே சூழல் பூனையின் நலனுக்கு ஒத்துவராது என்கின்றன. அவர்கள் சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் நெரிசலான காப்பகக் கூண்டு அல்லது தெரு என்ற நிலையிலிருக்கும், மனிதரோடு பழகிய ஒரு பூனைக்கு, நன்றாக நடக்கும் கூடத்தில் சில வாரம் என்பது அதைவிட மேல் என்று நினைக்கிறேன். வளர்ப்பு இல்லங்கள் போதுமான அளவு இருந்தால் கஃபேயைவிட அதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆகவே இடம் பார்க்கப் போகும்போது ஒரு காப்பக மருத்துவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், குத்தகையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே. பின்னறைக்குத் தனிக் காற்றோட்டம் போட முடியுமா, அந்தக் காற்று கூடத்துக்குள் திரும்பாமல் வெளியே போகுமா, தரையும் சுவரின் கீழ்ப்பகுதியும் பிளீச்சைத் தாங்குமா, தண்ணீர் போக வழி உண்டா, ஜன்னல்களுக்கு வலை அடிக்க உரிமையாளர் சம்மதிப்பாரா என்று அவர் பார்க்கட்டும். இவற்றைப் பிறகு மாற்றுவது பெரும்பாலும் முடியாது. மற்ற எல்லாவற்றையும் நான்கு பூனைகளோடு தொடங்கிப் போகப்போகத் திருத்திக்கொள்ளலாம்.